தூரத்தில் வந்த வண்டி

எங்கள் மகனுக்கு ஓட்டுநர் உரிமம் அஞ்சலில் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். 2021 நவம்பர் முதல் வாரம் அது. பரீட்சையில் தேறினாலும் வேலை கிடைத்தாலும் பாயசம் வைக்கிற வீட்டில், ஓர் அட்டைக்காகவும் அடுப்பில் பால் ஏறியதில் வியப்பில்லை. பத்தொன்பது வயதுப் பையன் அந்த அட்டையைக் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனுக்கு எதைக் கொடுத்தது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. எதைக் கொடுக்கவில்லை என்பது 44 நாட்கள் கழித்துத் தெரிந்தது.

இக்கட்டுரையைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எந்த வரி யாருடையது என்று பிரித்துக் காட்ட விரும்பவில்லை. நடந்ததில் யாருடைய பங்கு எவ்வளவு என்று மூன்றாண்டுக் காலம் வீட்டுக்குள் வாதாடிப் பார்த்துவிட்டோம். அந்த வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. ஆகவே ‘நாங்கள்’ என்றே இருக்கட்டும்.

அவன் கார் கற்றது இருபத்தொரு நாட்கள். காலை ஆறு மணிக்கெல்லாம் பயிற்சிப் பள்ளியின் வண்டி வாசலில் வந்து நிற்கும். பாளையங்கோட்டையின் உறங்கிக் கிடக்கும் தெருக்களில் அரை மணி நேரம் சுற்றி வருவார்கள். பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. எனவே அந்த இருபத்தொரு நாட்களும் எங்கள் மகன் உண்மையில் தனியே ஓட்டியதே இல்லை. அவனுடைய பிழைகளை இன்னொரு கால் உடனுக்குடன் திருத்திக்கொண்டே வந்தது. திருத்தப்பட்டது பிழை என்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று. முள் ஒருநாளும் நாற்பதைத் தொட்டதில்லை. தேர்வு நாளன்று அரை கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினான். பின்னோக்கி எடுத்துக் காட்டினான். இரண்டாம் கியரைத் தாண்ட வேண்டிய அவசியமே எழவில்லை. தேறிவிட்டான்.

நம் நாட்டில் கற்போர் உரிமம் பெற்று 30 நாட்கள் கழிந்தபின் ஓட்டுநர் தேர்வுக்குச் செல்லலாம். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்கவேண்டும். பக்கத்தில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்கவேண்டும். அட்டை கைக்கு வந்துவிட்டாலோ எழுத்தும் போய்விடுகிறது, பக்கத்து இருக்கையும் காலியாகிவிடுகிறது. நேற்றுவரை நாற்பதைத் தொடாத பிள்ளை இன்று நள்ளிரவில் நண்பர்களை ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் போகலாம். இடையில் ஒரு படிக்கட்டும் கிடையாது. நியூசிலாந்து நாட்டினர் 1987ஆம் ஆண்டிலேயே அந்தப் படிக்கட்டைக் கட்டிவிட்டார்கள். புதிய ஓட்டுநர் முதலில் ஒரு கட்டுப்பாட்டு உரிமமே பெறுகிறார். இரவு பத்து மணிக்கு மேல் தனியே ஓட்டலாகாது, துணைக்குத் தகுதியுள்ள ஒருவர் இன்றி மற்றவர்களை ஏற்றிச் செல்லலாகாது என்பவை அந்த நிலையின் விதிகள். பிரிட்டனில் 1995இல் இயற்றிய சட்டப்படி, உரிமம் பெற்ற இரண்டாண்டுகளுக்குள் ஆறு தண்டனைப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் பறிபோகும். மறுபடி கற்போர் உரிமத்திலிருந்து தொடங்கவேண்டும். வேகவரம்பை மீறினால் குறைந்தது மூன்று புள்ளிகள். அதாவது இரண்டு முறை அகப்பட்டால் போதும். இவற்றையெல்லாம் நாங்கள் பின்னால்தான் படித்தோம். சட்டம் கட்டித் தராத படிக்கட்டை வீடு கட்டியிருக்கலாமே என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

வீடு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

ஒரு பழைய டீசல் கார் வாங்கினோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ‘பார்த்துப் போங்கப்பா’ என்றார். அது எல்லோரும் சொல்லும் சொல்தானே என்று நாங்களும் தலையாட்டினோம். எங்கள் வீட்டில் அதுவரை காரோட்டத் தெரிந்தவர் அறுபதைத் தாண்டாதவர். மாட்டுவண்டி என்று மகனிடம் கேலி வாங்கியவர். அவரே, மகன் ஓட்டிய முதல் ஞாயிற்றுக்கிழமை, ‘வயிற்றுத் தண்ணீர் அசையாமல் கொண்டுவந்து சேர்த்தான்’ என்று பெருமைப்பட்டார். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். முன்பெல்லாம் ஒரு மணி நேரப் பயணம். அவன் நாற்பது நிமிடத்தில் கொண்டுபோய் விட்டான். ஓர் உறவினர் வீட்டுத் திருமணப் பந்தியில், பக்கத்து இலைக்காரரிடம், ‘நாற்பதே நிமிஷம்’ என்று எங்களில் ஒருவர் சொன்னார். யார் சொன்னது என்பது இப்போது எங்களுக்கே நிச்சயமில்லை. ஆனால் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மகன் அதைக் கேட்டான். அவன் முகம் மலர்ந்தது நினைவிருக்கிறது. அடுத்த முறை முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று.

இப்படித்தான் ஒரு நேரக்கணக்கு பதக்கமாகிறது. வண்டியை நிறுத்துவதில் எவ்வளவு தேர்ந்தவன் என்று நாம் எந்தப் பிள்ளையையும் பாராட்டுவதில்லை. கடைசி வரையில் ஒன்றுமே நடக்காமல் வண்டி ஓட்டுகிறவனின் திறமையைப் பார்க்க நமக்குக் கண்ணில்லை. வேகம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் வேகத்தையே திறமை என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். கற்றுக்குட்டிக்கு அந்தப் பெயர் மாற்றம் எப்படித் தெரியும்?

டிசம்பர் மாதத்தின் நடுவில் ஒரு மாலை. கல்லூரி நண்பன் ஒருவனுடன் தூத்துக்குடிக்குப் போயிருந்தான், திரும்பிக்கொண்டிருந்தான். வாகைக்குளம் விமான நிலையத்தைத் தாண்டினால் சாலை நேராக மேற்கே நீளும். இருபுறமும் உடைமரம், ஆங்காங்கே பனை, தொலைவில் வெளிமான்கள் வாழும் வல்லநாட்டுக் குன்று. மாலை ஐந்தரை மணிக்கு இறங்குகிற சூரியன் ஓட்டுபவனின் கண்ணுக்கு நேரே நிற்கும். அன்று அவனுக்கு எந்த அவசரமும் இல்லை. இதைப் பலமுறை கேட்டுவிட்டோம். பசியில்லை, வேலையில்லை, யாரும் அழைக்கவில்லை. நண்பன் பக்கத்தில் இருந்தான். சாலை காலியாக இருந்தது. வேறு காரணம் அவனுக்கே தெரியவில்லை.

வல்லநாட்டுக்குச் சற்று முன்பாக, நடுத்தடுப்பில் ஊர்க்காரர்கள் கடப்பதற்கென ஓர் இடைவெளி உண்டு. வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகையும் உண்டு. அந்த இடைவெளியில் ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் சோளத்தட்டைக் கட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு நின்றிருந்தார். ஐம்பத்து நான்கு வயது. இரண்டு கறவை மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். தூரத்தில் ஒரு கார் வந்தது. கடந்துவிடலாம் என்று வண்டியை நகர்த்தினார்.

எங்கள் மகன் அவரைப் பார்த்தது மிகவும் பின்னால். சூரியனையும் குறை சொல்லலாம். ஆனால் புதிதாக ஓட்டுகிறவனின் கண் தன் வண்டியின் முன்பாகச் சிறிது தொலைவையே பற்றிக்கொண்டிருக்கும். பழகியவரின் கண்தான் தொலைவையும் ஓரங்களையும் கண்ணாடிகளையும் மாறி மாறி மேயும். அந்த மேய்ச்சல் வருவதற்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடவேண்டும். அவன் ஆயிரம்கூட ஓடியிருக்கவில்லை. பிரேக்கை மிதித்தான், ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினான். அந்த மனிதரும் இடப்பக்கம் நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். அனுபவமுள்ளவர் என்றால் அவருக்குப் பின்புறமாக, அவர் விட்டுவந்த இடத்தை நோக்கி வண்டியை விட்டிருப்பார். இவன் அவர் போகும் இடத்துக்கே போனான். இன்னும் ஒரு மீட்டர் நகர்ந்திருந்தால் கடந்திருப்பார். அந்த வண்டியும் அவருடைய இடது காலும் காரின் முன்பக்கத்தில் சிக்கின.

108 வண்டி வந்ததும், வயலிலிருந்து ஓடிவந்தவர்கள் அவருடைய காலை வேட்டியால் கட்டியதும், இரு பையன்களையும் அடிக்க வந்தவர்களை ஒரு மூதாட்டி விலக்கியதும் பிறர் சொல்லி அறிந்தவை. மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே அவருடைய காலை எடுத்தார்கள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்த்துவிட்டு எழுதிய சான்றில், வாகனத்தில் எந்த இயந்திரக் கோளாறும் இல்லை என்றிருந்தது. பிரேக் சரியாக இருந்தது. சக்கரங்கள் சரியாக இருந்தன. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது ஒரு கோளாறு இருந்திருக்கலாகாதா என்று அப்போது நினைத்தோம். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

எங்களில் ஒருவர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். அன்றிரவு நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டார். மகன் முள் 120ஐத் தாண்டியிருந்ததாக எங்களிடம் ஒப்புக்கொண்டிருந்தான். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் வினாடிக்கு 33 மீட்டர் ஓடுகிறது. 80இல் 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போய்ச் சேர ஒன்றரை வினாடி என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே முதல் வண்டி 50 மீட்டரைத் தின்றுவிடுகிறது. இரண்டாம் வண்டி 33 மீட்டரை. அதன்பின் பிரேக் பிடிக்கிற தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் ஒன்றரை மடங்கு என்றால் அந்தத் தூரம் இரண்டேகால் மடங்கு. உலர்ந்த சாலையில் 80இல் வரும் கார் ஏறத்தாழ 70 மீட்டரில் நின்றுவிடும். 120இல் வருவது ஏறத்தாழ 130 மீட்டர் கேட்கும். இதுவரையில் பள்ளிக்கூடக் கணக்கு. அடுத்த வரிதான் அவர் கையை நடுங்கவைத்தது. மெதுவாக வந்த கார் முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில், வேகமாக வந்த கார் என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? அதன் பிரேக் அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. இன்னமும் 100க்கு மேல்.

இருபத்தேழு ஆண்டுகள் வேகத்தின் வர்க்கத்தைக் கரும்பலகையில் எழுதிய கை அது. சொந்த மகனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பதினோராம் வகுப்பில் படித்திருப்பானே என்ற நினைப்பு! படித்திருந்தான், அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தான்.

மருத்துவமனைக்கு நான்காம் நாள் போனோம். பழங்கள் வாங்கிப் போனோம். அதைவிட அபத்தமான பொருள் எதையும் நாங்கள் வாழ்க்கையில் சுமந்ததில்லை. அவருடைய மைத்துனர் எங்களைப் பார்த்ததும் வராந்தாவிலேயே சத்தமிட்டார். அவருடைய மனைவி சத்தமிடவில்லை. பழத்தை வாங்கவும் இல்லை. நாங்கள் நீட்டிய பணத்தை மட்டும், ‘குடுங்க, மருந்து வாங்கணும்’ என்று வாங்கி முந்தானையில் முடிந்தார். பிறகு எங்களைப் பார்க்காமல், வார்டின் சுவரைப் பார்த்துச் சொன்னார்: ‘இவுக தூரத்துல வண்டி வருதுன்னு பாத்துட்டுத்தான் போயிருக்காக. தூரத்துலதான சார் வந்துச்சு?’

அந்தக் கேள்விக்கு அந்த நாட்காட்டித் தாளில் விடை இருந்தது. மனிதர் எவரும் எதிரே வரும் வண்டியின் தூரத்தைத்தான் பார்க்கிறோம். வேகத்தை நேரெதிரில் நின்று கண்ணால் அளக்க இயலாது. நேராக நம்மை நோக்கி வருவது சிறிது நேரம் சிறிதாகவே இருந்து, பின் திடீரென்று பெரிதாகிவிடுகிறது. எனவே அந்தச் சாலையில் வண்டிகள் வழக்கமாக எந்த வேகத்தில் வருமோ அந்த வேகத்தையே மனத்துக்குள் போட்டுக்கொண்டு கடக்கிறோம். அவரும் அப்படித்தான் போட்டார். அவர் நகரத் தொடங்கியபோது கார் 150 மீட்டருக்கு அப்பால் இருந்தது என்று சாட்சிகள் சொன்னார்கள். 80இல் வந்திருந்தால் அவருக்கு ஏறத்தாழ ஏழு வினாடிகள் கிடைத்திருக்கும். பாரம் ஏற்றிய மொபெட் அந்தப் பத்து மீட்டரைக் கடக்க ஐந்தரை, ஆறு வினாடி போதும். 120இல் வந்ததால் அவருக்கு நாலரை வினாடிதான் இருந்தது. மீதியை எங்கள் மகன் எடுத்துக்கொண்டான். அதை அவர் அறிய வழியே இல்லை.

ஓட்டுகிறவனின் அஜாக்கிரதை அவனுடைய கணக்கை மட்டுமன்றிச் சாலையில் நிற்கும் ஒவ்வொருவருடைய கணக்கையும் அவர்கள் அறியாமலே பொய்யாக்குகிறது என்பதை அந்த அம்மாளின் கேள்விதான் எங்களுக்கு உணர்த்தியது. வேகத்தடை, அபராதம், விழிப்புணர்வு வாரம் என்று ஆண்டுதோறும் பேசுகிறோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோரின் சாவுக்கு மிகைவேகமே காரணமாகக் குறிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அதற்கு முந்திய ஆண்டின் கணக்கில், காயமுற்றோர் என்ற தனிப் பட்டியலில், அந்த அண்ணாச்சி ஓர் எண்ணாக இருப்பார். பால் ஊற்றிய வீடுகளின் கணக்கு எந்தப் பட்டியலிலும் இராது.

வழக்குப் பதிவாயிற்று. அப்போது நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 338 ஆகிய பிரிவுகள்: பொதுவழியில் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டியது ஒன்று, அதனால் கொடுங்காயம் விளைவித்தது மற்றொன்று. இரண்டும் பிணையில் விடத்தக்கவை என்பதால் அன்றே வீட்டுக்கு வந்துவிட்டான். உரிமத்தை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அதை அவன் திரும்ப வாங்கப் போகவே இல்லை. கப்பலில் வேலைக்குப் போகவேண்டும் என்று சிறுவயது முதலே ஆசை வைத்திருந்தான். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது, நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நிலுவையில் இருப்பதால் நீதிமன்ற அனுமதியின்றி வழங்க இயலாது என்று பதில் வந்தது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கடல் கடந்தார்கள். அவன் உள்ளூரில் ஒரு கிட்டங்கியில் கணக்கெழுதப் போனான்; பேருந்தில் போய்ப் பேருந்தில் வந்தான்.

விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளே ஓர் ஆலோசனை சொல்லியிருந்தார்கள்: ‘எண்பதில் போனேன் என்று சொல்லட்டும்.’ வாக்குமூலத்தில் அப்படியே சொன்னான். நாங்கள் மறுக்கவில்லை. பெற்றவர்கள் மறுப்பார்களா என்று கேட்டு எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம்.

2023ஆம் ஆண்டில் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விசாரணை நடந்தது. காரின் உரிமையாளர் என்ற முறையில் எங்கள் பெயரும், காப்பீட்டு நிறுவனமும் எதிர்மனுதாரர்கள். ஒரு மனிதனின் காலுக்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்பதை அங்கே பார்த்தோம். ஊனம் எத்தனை விழுக்காடு, வயது என்ன, மாத வருமானம் என்ன என்று கேட்டார்கள். பால் விற்ற கணக்குக்குச் சீட்டு ஏது? அவருடைய மனைவி விரல் விட்டு எண்ணிச் சொன்னார். காப்பீட்டுத் தரப்பு வழக்கறிஞரின் வாதம் வேறொன்று: வண்டி வருவதைக் கண்டும் குறுக்கே வந்தவர் அவர், ஆகவே விபத்தில் அவருக்கும் பங்குண்டு, அந்தப் பங்குக்கு உரிய தொகையைக் குறைக்கவேண்டும். அதை நிலைநாட்டவே எங்கள் மகனைச் சாட்சிக்கு அழைத்திருந்தார்கள்.

முந்தின இரவு நாங்கள் மூவரும் ஒரே அறையில்தான் இருந்தோம். உண்மையைச் சொல் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சொல்லாதே என்றும் சொல்லவில்லை. அவனுடைய மனச்சாட்சிக்கே விட்டுவிட்டோம் என்று இதை அழகாக எழுதலாம். அப்படி அன்று, பயந்தோம். குற்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் வாயால் 120 என்று சொல்லிவிட்டால் அது அங்கேயும் போய் நிற்கும், கடவுச்சீட்டு கனவாகவே போய்விடும் என்று கணக்குப் போட்டோம். நாட்காட்டித் தாளை அவன் எப்போதோ பார்த்திருக்கிறான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. பைபிளுக்குள் வைத்திருந்தோம், அந்த வீட்டில் வேறு யாரும் எடுத்துப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியம்!

மறுநாள் வழக்கறிஞர் கேட்டார்: ‘நீங்கள் வருவதைப் பார்த்துவிட்டுத்தானே அவர் குறுக்கே வந்தார்?’

‘பார்த்தார். அவர் பார்த்தது சரிதான். நான் எண்பதில் வந்திருந்தால் அவர் கடந்திருப்பார். நான் நூற்றிருபதுக்கு மேலே வந்தேன்.’

வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலில் 80 என்று சொன்னது ஏன் என்று கேட்டார். ‘சொல்லச் சொன்னார்கள், சொன்னேன்’ என்றான். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் எங்களைத் திரும்பிப் பார்த்திருப்பானோ, தெரியாது. அந்த அண்ணாச்சி கடைசி பெஞ்சில் ஊன்றுகோலை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் எந்த மாற்றத்தையும் நாங்கள் காணவில்லை. அவருக்கு அது புதிய செய்தி இல்லையே! தீர்ப்பில் அவர்மீது எந்தப் பங்கும் சுமத்தப்படவில்லை. தொகையைக் காப்பீட்டு நிறுவனம் செலுத்தியது.

குற்ற வழக்கு 2024 தொடக்கத்தில் முடிந்தது. 338ஆம் பிரிவுக் குற்றத்தைக் காயம்பட்டவர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமிருந்தது. அவர் சம்மதித்தார். நீதிமன்ற வேப்பமரத்தடியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘நீங்க மன்னிச்சது பெரிய மனசு அண்ணாச்சி’ என்றோம். அவர் கையை விடுவித்துக்கொண்டார். ‘மன்னிப்பெல்லாம் பெரிய வார்த்தை சார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் இந்தக் கட்டையை ஊணிக்கிட்டு பஸ் ஏற முடியல. அன்னன்னைக்கு மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?’ என்றார். அதற்குமேல் நாங்கள் எதுவும் பேசவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயில் நாங்கள்தான் திணிக்கப் பார்த்தோம். அதை அவர் மரியாதையாகவே வெளியே எடுத்து வைத்துவிட்டார்.

279ஆம் பிரிவில் சமரசத்துக்கு இடமில்லை. அது ஒரு தனி மனிதருக்கு எதிரான குற்றமாக இல்லாமல் பொதுவழிக்கே எதிரான குற்றமாகக் கருதப்படுவதால், அவர் மனம் வைத்தாலும் அதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமையில்லை. மகன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதிபதி ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தார். அந்தப் பிரிவில் விதிக்கக்கூடிய உச்ச அபராதமே அவ்வளவுதான். அதே ஆண்டு ஜூலை முதல் நாள் பழைய சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொடுங்காயத்துக்கான தண்டனையை அது கூட்டியிருக்கிறது. கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு அங்கும் அதே ஆயிரம் ரூபாய்தான். அபராத ரசீதை மகன் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வெளியே வந்ததும் அந்த அண்ணாச்சியும் அவர் மனைவியும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதைப் பார்த்து, ஓடிப்போய் ஓர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தான். அவர்கள் ஏறினார்கள். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, இவனும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது எங்கள் மகளுக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது. கார் கற்கவேண்டும் என்று 2025இல் கேட்டபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் யாருடனும் சரியாகப் பேசவில்லை. பெண்பிள்ளைக்கு எதற்கு என்று அத்தை வீட்டில் சொன்னார்கள். கற்றுக்கொள்ளட்டும் என்று முதலில் சொன்னவன் அவள் அண்ணன். பயிற்சிப் பள்ளியின் இருபத்தொரு நாட்கள் முடிந்தபிறகும் ‘எல்’ எழுத்தைக் கழற்றாமல், தேர்வுக்கும் அவசரப்படாமல், மாதக்கணக்காகப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டவைக்கிறோம். மழையில் ஒருநாள், இருட்டில் ஒருநாள், சந்தைத் தெருவில் ஒருநாள். அவள் ஓட்டி முடித்து இறங்கும்போது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அவளுக்கு இதெல்லாம் சலிப்பாகத்தான் இருக்கிறது. அவள் தோழிகள் எப்போதோ உரிமம் வாங்கிவிட்டார்களாம்.

சென்ற மாதம் முதன்முறையாக அந்தச் சாலையில் அவளை ஓட்டவைத்தோம். எங்களில் ஒருவர் முன்னால் அவள் பக்கத்தில். மற்றவரும் மகனும் பின்னால். தூத்துக்குடியிலிருந்து திரும்பும் மாலை நேரம், அதே சூரியன். வாகைக்குளத்தைத் தாண்டியபின் காருக்குள் பேச்சு நின்றுபோயிற்று. வல்லநாட்டுக்கு முன்பாக, அந்த இடைவெளியில், ஒரு ஸ்கூட்டரில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நின்றிருந்தார். கால்களுக்கிடையே ஒரு பால் கேன். மகள் தொலைவிலேயே அவரைப் பார்த்துவிட்டாள். காலை எடுத்தாள், எழுபதில் வந்த வண்டி அறுபதாயிற்று, ஐம்பதாயிற்று. பின்னால் வந்த பேருந்து பொறுமையிழந்து ஒலியெழுப்பியது. அந்தப் பெண் எங்களை ஒரு முறை பார்த்தார், வண்டியை நகர்த்தினார்.

பின் இருக்கையில் மகன் முணுமுணுப்பது கேட்டது. ஏதோ செபம் சொல்கிறான் என்று நினைத்தோம். எண்ணிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் எதிர் ஓரத்து மண்பாதையில் இறங்கி, எங்களைத் திரும்பிப் பாராமலே, தன் ஊர் நோக்கிப் போனார்.

‘ஆறு’ என்றான்.